வெயிலில் காய்ந்த சைக்கிள் சீட்டு

அவரைப் போல ஒரு சைக்கிள் சீட்டுக்காக உயிரை விட்டவர் ஆம்பூரில் வேறு யாருமில்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் தம் உயிரை எங்கே விட்டார்? அடுத்தவர் உயிரைத்தான் வாங்கினார்.

பெயர் வேண்டாம். அவர் வழியில் வந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், நல்லவர்கள். மேஸ்திரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

வெள்ளைக்காரன் காலம். நான் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்குப்பிள்ளை. கட்டுக் கட்டாக வரும் தோலை எண்ணி எண்ணி, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும் வியாதி பிடித்துக்கொண்டது. இந்த வயதிலும் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பட்டாணியை எண்ணுகிறேன் என்று மருமகள் முணுமுணுக்கிறாள். மேஸ்திரி அதே ஷாப்பில், ஊறிவந்த தோலை அடித்து, எண்ணெய் விட்டு மெதுவாக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டார். வீடும் அடுத்தடுத்து, ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுச்சுவர் பச்சைச் செங்கல். தும்மினால்கூடக் கேட்கும்.

சைக்கிள் முதலாளி கொடுத்தது. தோல் வாங்க வந்த துரை ஒருவர் கப்பலேறும்போது அதை முதலாளியிடம் விட்டுப்போக, முதலாளிக்கு உடம்பு கனம், மேஸ்திரிக்கு வந்தது. முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு கம்பி, பின்னால் நாற்பது. சீட்டுக்கு அடியில் மூன்று சுருள் வில். அதன்மேல் இழுத்து மாட்டிய ஒற்றைத் தோல். அந்தத் தோல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். துரையின் உடம்புக்குப் படிந்த தோல் அது. மேஸ்திரிக்கு அது ஒரு நாளும் ஒத்துவரவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தொடையிடுக்கில் கட்டி.

"வேற சீட்டு போட்டுக்க மேஸ்திரி, எங்கிட்ட கீது" என்று பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் நல்லதைத்தான் சொன்னான். மேஸ்திரி கையில் அந்த நேரம் ஸ்பேனர் இருந்தது. கடைக்காரன் முன்பல் ஒன்று உள்ளே போனது.

"எனக்கு தோலு பத்தி நீ சொல்றியா? அடிச்சா படியாத தோலு இன்னா கீது? சொல்லு."

அன்றிலிருந்து எந்தக் கடைக்காரனும் அந்தச் சைக்கிளைத் தொடவில்லை. அவரே மெக்கானிக். அவருக்குத் தெரிந்தது ஒரு வித்தைதான், தோல் வித்தை. அதையே சைக்கிளின் தலைமுதல் கால்வரை செய்து பார்த்தார். முள் குத்தாமலிருக்க டயருக்குள் ஆட்டுத்தோல் பட்டை வைத்தார். அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது, நானும் பிற்பாடு என் சைக்கிளுக்கு வைத்துக்கொண்டேன். ட்யூபில் ஓட்டை விழுந்தால் வச்சிரப் பசை காய்ச்சித் தோல்துண்டு ஒட்டினார். மாதனூர் போவதற்குள் பிய்த்துக்கொள்ளும். செயினுக்கு மிஷின் எண்ணெய் கூடாது, மாட்டுக் கொழுப்புதான் என்றார். அதன் பலன், அவர் சாயங்காலம் சைக்கிளில் கிளம்பினால் ஊர் நாயெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு செயினை நக்க ஓடிவரும். ஒரு தடவை பதினோரு நாய் எண்ணினேன். அவர் இறங்கி, பம்பைக் கழற்றி, அந்தப் பதினொன்றையும் பாலாறுவரை துரத்தினார். ஒன்று திரும்பி வரவில்லை. மணலில் கிடந்தது. பம்பு வளைந்துபோயிருந்தது. அதை வீட்டு வாசற்படியில் வைத்து நிமிர்த்திக்கொண்டே, "கொழுப்ப மாத்தமாட்டேன். நாய்ங்கதான் மாறணும்" என்றார்.

எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலை சீட்டைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைப்பார். ஊறியதும் உரல்மேல் கவிழ்த்து, கொட்டாப்புளியால் அடிப்பார். புளியமரத்தில் செய்த கனமான மரச்சுத்தி, ஷாப்பிலிருந்து கொண்டுவந்தது. அடித்து, புங்க எண்ணெய் தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைப்பார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அடிகளை எண்ணுவேன். ஊறிய தோலில் விழும் அடி சளக் என்று கேட்கும். காய்ந்து விறைத்த தோலில் டக் என்று கேட்கும். மூன்றாவதாக ஒரு சத்தம் உண்டு. அதை எழுத எனக்கு எழுத்துக் கிடைக்கவில்லை. அது அவர் மனைவிமேல் விழும் சத்தம்.

ஒடுகத்தூர்ப் பெண். மலையடிவாரத்தில் ஆவாரம்பட்டை உரிக்கும் குடும்பம். அந்தப் பட்டையைத்தான் எங்கள் ஷாப்புகளில் தோல் ஊறவைக்கப் போடுவார்கள். அவள் தம்பி மாதம் ஒருமுறை பட்டை வண்டி கொண்டுவருவான், அக்காவைப் பார்ப்பான், அக்கா சிரிப்பாள், போவான். அவளுக்கு அடி விழக் காரணம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. கட்டி வலித்தால் அடி. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் அடி, கம்மி என்றாலும் அடி.

ஒரு நாள் பொறுக்காமல் போய்க் கதவைத் தட்டினேன். "மேஸ்திரி, போதும்யா. பொம்பள தாங்கமாட்டா."

"எண்ணிட்டு போக வந்தியா கணக்குப்பிள்ள? இத்தயும் எண்ணிக்க" என்றார். பம்பு என் இடது காதின்மேல் இறங்கியது. அந்தக் காதில் இன்றைக்கும் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மனைவி வெற்றிலைச் சாற்றைக் காதில் விட்டபடியே சொன்னாள்: "நீங்க போய்த்தான் கெடுத்தீங்க. அவ ஒரு வழி கண்டுபிடிச்சி வெச்சிருக்கா. வாய மூடிக்கினு இருங்க."

வழி இதுதான். சுண்ணாம்பும் உப்பும் இரும்பை அரித்துவிடும் என்று மேஸ்திரி சைக்கிளை ஷாப்புக்குக் கொண்டுபோவதில்லை, நடந்தே போவார். பகலெல்லாம் சைக்கிள் வீட்டில் நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் புருஷன் செய்வதைப் பார்த்துப் பார்த்து, சீட்டு நட்டைக் கழற்ற அவள் கற்றுக்கொண்டிருந்தாள். உச்சிவெயில் நேரத்தில் சீட்டைக் கழற்றி, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து, துணி துவைக்கும் கல்மேல் வெயிலில் வைப்பாள். தோல் விறைத்துப்போகும். அவர் வருவதற்குள் துடைத்து மாட்டிவிடுவாள். வெள்ளிக்கிழமை அவர் பாடுபட்டு மெதுவாக்கியதை அவள் வாரம் முழுவதும் கட்டையாக்குவாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் ஊறவைத்து, மறுபடியும் அடிப்பார். அடித்து அடித்துக் கை ஓய்ந்து, சோறு தின்று தூங்கிவிடுவார்.

"சீட்டு மெத்துன்னு இருக்கிற வாரம் எனக்கு அடி, அண்ணி. கட்டையா இருக்கிற வாரம் சீட்டுக்கு அடி. இதுல எனக்கு இன்னா யோசன கீது?" என்று என் மனைவியிடம் சொன்னாளாம்.

அதைக் கேட்டபின் என் எண்ணிக்கையே மாறிப்போனது. டக் என்று கேட்டால் மனதுக்குள் அவள் பக்கத்தில் ஒன்று வரவு வைப்பேன். அந்த ஆடி மாதம் முழுவதும் மூன்றாவது சத்தம் கேட்கவே இல்லை. மேஸ்திரிதான் குழம்பிப்போனார். "இன்னா தோலுய்யா இது. இங்கிலீஷ்காரன் மாடு இன்னாத்த தின்னுதோ. எவ்ளோ அடிச்சாலும் மறுநாளு பலகையா ஆய்டுது. ஒரே பேஜாரா கீது" என்று ஷாப்பில் எல்லோரிடமும் கேட்டார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் விளக்கெண்ணெய் என்றான். ஒருவன் முட்டைக் கரு என்றான். நான் குனிந்து தோலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவளை மாட்டிவிட்டது சீட்டு அல்ல, கல். தினமும் ஒரே இடத்தில் வைத்து வைத்து, துவைக்கும் கல்மேல் சீட்டின் உருவத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தடம் விழுந்திருந்தது. முன்னால் மூக்கு, பின்னால் அகலம். ஒரு நாள் வயிறு சரியில்லாமல் மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் கைகால் கழுவப் பின்பக்கம் போனார். தோல்காரருக்கு அந்தத் தடம் போதாதா?

அன்றைய அடிகளை நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். என் மனைவியும் எதிர்வீட்டுக்காரர்களும் கதவை இடித்துத் திறந்தபோது அவள் சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். காதோரம் கிழிந்திருந்தது. அவர் மூச்சுவாங்க நின்றுகொண்டு சொன்னதை அத்தனை பேரும் கேட்டோம்.

"கேட்டுக்க. இன்னிலேர்ந்து இந்த சைக்கிள்ல எங்கெங்க தோலு கீதோ, அங்கெல்லாம் நீதான் எண்ண வெக்கிற. வியாழக்கிழம வியாழக்கிழம. ஒரு இடம் காஞ்சிருந்தாலும் உன் தோலு இருக்காது."

அவள் கீழ்ப்படிந்தாள். சீட்டு வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரி சாயங்காலம் ஸ்டேஷன்வரை போய்வந்து, "கணக்குப்பிள்ள, இப்பதான்யா சைக்கிளு சைக்கிளா கீது. மடியில உக்காந்த மாதிரி" என்றார். கொட்டாப்புளிக்குச் சீட்டில் வேலை இல்லாமல் போனது. எங்கள் சுவரில் மூன்றாவது சத்தம் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் பிரேக் கட்டைகள் தேய்ந்தன. சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் ரப்பர் துண்டுகள். ரப்பர் வாங்கக் கடைக்குப் போகவேண்டும். பல் போனவனிடம் போவாரா? செருப்பு அடித்தோலை மூன்றடுக்காக ஒட்டி, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, நான்கு கட்டை அறுத்து மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது. காய்ந்த தோல் இரும்பைப் பிடித்தது பாருங்கள், ரப்பர் தோற்றது. தொட்டால் சைக்கிள் நின்றது. ஊர் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டார். பெண்டாட்டியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லும் வழக்கம் அவருக்கு ஏது?

அடுத்த வியாழக்கிழமை அவள் என் மனைவியிடம் வந்து எண்ணெய் கேட்டாள். "ஒரு கரண்டி புங்க எண்ண குடுங்க அண்ணி. சக்கரத்துக்கிட்ட புதுசா நாலு துண்டு தோலு வெச்சிருக்காரு. ஒரே காஞ்சி கீது. பாத்தார்னா கொன்னுடுவாரு." என் மனைவி கொடுத்தாள். நான்கு துண்டும் ஊற ஊறத் தடவினாள். பின்னாளில் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று ஆம்பூரே வாதாடியது. அவள் பயந்து செய்தாள். எண்ணெய் போனது எங்கள் வீட்டுக் கரண்டியில்.

அன்று சாயங்காலமே பட்டை இறக்கிவிட்டுத் தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். இந்தமுறை அக்கா சிரிக்கவில்லை. காதோரத்துத் தையலைப் பார்த்தான். வண்டிப்பேட்டைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலை, மேஸ்திரி முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுக்கா."

"கொழம்பு அடுப்புல கீதுடா."

"கொதிக்கட்டும். ஏறு."

ஏறினாள். வண்டி போனது.

பாதித் தலை வெட்டிய கோலத்தில் மேஸ்திரி ஓடிவந்தார். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். சைக்கிளை வெளியே தள்ளினார், கையில் கொட்டாப்புளி. என்னைப் பார்த்தார்.

"ஏறுய்யா கணக்குப்பிள்ள பின்னால. நீதான் சாட்சி. ஓடிப்போனத நீ பாத்தன்னு சொல்லணும்."

"எனக்கு மூலம் மேஸ்திரி. கேரியர்ல உக்கார முடியாது."

கொட்டாப்புளி உயர்ந்தது. உட்கார்ந்தேன். போனால் குறுக்கே விழுந்தாவது தடுக்கலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. கேரியரில் ஐந்து இரும்புக் கம்பி. ஆம்பூரிலிருந்து மாதனூர்வரை அந்த ஐந்தையும் தனித்தனியாக அறிந்துகொண்டேன். முன்னால் அவரோ மடியில் உட்கார்ந்த மாதிரி மிதித்துக்கொண்டு போனார். சமதரையில் மிதியை நிறுத்தினாலே வேகம் அடங்கும். பிரேக்கைத் தொடத் தேவைப்படவில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணா படிய வெக்கிறேன் பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒடுகத்தூர் ரோடு பிரிந்து, ஒரு மேடு ஏறி, ஏரிப்பக்கமாகச் சரேலென்று இறங்கும். மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தோம். இறக்கத்தின் பாதியில் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தாள். கால்களை மடக்கிக்கொண்டாள். குதிக்கவில்லை, கத்தவில்லை.

"நில்லுடி!" மேஸ்திரி ஒரு கையில் கொட்டாப்புளியைத் தூக்கிப் பிடித்தபடி இறக்கத்தில் விட்டார். வண்டிக்குக் குறுக்கே நிறுத்துவதுதான் திட்டம். பக்கத்தில் போனதும் இடது கையால் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நிற்கவில்லை. வழுக்கியது. இன்னும் இறுக்கினார். சக்கரத்தில் எண்ணெய் பூசியதுபோல, பூசியதுதானே, இன்னும் வேகமாக ஓடியது. வண்டியை ஒட்டிப் போனோம். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவர் அடி ஓங்கினார். ஓங்கிய இடத்தில் அவள் இல்லை, நாங்கள் தாண்டிவிட்டோம். கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இரண்டு பிரேக்கையும் பிடித்தார்.

"புடிக்கலய்யா! கணக்குப்பிள்ள, புடிக்கலய்யா!"

அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அவள் குரலைப் போல இருந்தது.

கீழே ஏரிக்கரையில் ஆம்பூருக்கு வரும் பட்டை வண்டிகள் மாடவிழ்த்து நின்றிருந்தன. முதல் வண்டியின் சக்கரத்தில் நேராகப் போய் மோதினோம். நான் அவர் தலைக்கு மேலாகப் பறந்து ஆவாரம்பட்டைக் கட்டுகளில் விழுந்தேன். உடம்பெல்லாம் கீறல், ஒரு விலா எலும்பு முறிந்தது. மேஸ்திரியின் வலது கை வண்டிச் சக்கரத்தின் ஆரங்களுக்குள் போய்விட்டது. உடம்பு ஒரு பக்கம் சாய, கை உள்ளே நின்றது. முறியும் சத்தம் என் செவிட்டுக் காதுக்கும் கேட்டது. டக்.

வண்டிக்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். தம்பியின் வண்டி மெதுவாக இறங்கி வந்து நின்றது. அவள் இறங்கினாள். மேஸ்திரி மண்ணில் கிடந்தபடி பிரேக் கட்டையை இடது விரலால் தொட்டுப் பார்த்தார். மோந்தார்.

"இதுக்கு இன்னாடி பண்ண?"

"எண்ண வெச்சேங்க. எந்தத் தோலும் காயக்கூடாதுன்னு சொன்னீங்களே."

ஒரு வண்டிக்காரன் சிரித்துவிட்டான். மேஸ்திரி அடிக்கக் கையை ஓங்கினார். தோள் மட்டும் எழுந்தது. முழங்கைக்குக் கீழே எதுவும் கூட வரவில்லை. அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"ஓட்டுடா" என்றாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அவர் திரும்பி வந்தார். எலும்பு கோணலாகக் கூடியது. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. எண்ணெய்தான் காரணம் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அது வயித்துத் தோலுய்யா. வயித்துத் தோலு வழுக்கும். முதுகுத் தோலு அறுத்திருக்கணும். என் தப்பு அதான்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். சைக்கிளை இடது கையாலேயே நிமிர்த்தி, கம்பி கட்டி, மறுபடியும் ஓட்டினார். சீட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இடது கை ஒரு வருஷத்தில் எல்லாம் கற்றுக்கொண்டது. புதுக் கொட்டாப்புளி வந்தது. அதற்கடுத்த வருஷம் திமிரிப் பக்கத்திலிருந்து புதுப் பெண்டாட்டி வந்தாள். சின்னப் பெண். முன் கதை தெரியாது. மூன்று மாதத்துக்குள் சுவரில் அந்தச் சத்தம் தொடங்கியது.

அப்போதுதான் பட்டை பேரம் பேச முதலாளி என்னை ஒடுகத்தூருக்கு அனுப்பினார். சந்தையில் அவளைப் பார்த்தேன். வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். காதோரத்தில் தழும்பு. உடம்பு தேறியிருந்தது.

"வாங்கண்ணா. அண்ணி நல்லா கீறாங்களா?"

"இருக்கா. அவர் வேற கட்டிக்கிட்டார்."

"கேள்விப்பட்டேன்." கடலையைக் கையால் பரத்தினாள். "சீட்டு எப்படி கீது?"

"பஞ்சு மாதிரி இருக்குதாம். தினமும் சொல்றார்."

அவள் கை நின்றுவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணிகிட்ட சொல்லி, அந்தப் பொண்ணுக்கு சொல்ல சொல்லுங்கண்ணா. நட்டு சீட்டுக்கு அடியில கீது, வலப்பக்கமா திருப்பினா இறுகும், இடப்பக்கம் திருப்பணும். சுண்ணாம்பு தெளிஞ்ச தண்ணி போதும், கெட்டியா வேணாம். உச்சிவெயில்ல வெக்கட்டும். கல்லு மேல மட்டும் வெக்க வேணாம்னு சொல்லுங்க, தடம் விழும். நான் அதுலதான் மாட்னேன். சாக்கு மேல வெச்சிட்டு, சாக்க உதறிடணும்."

ஊர் திரும்பி, அவள் சொன்ன வரிசை மாறாமல் என் மனைவியிடம் ஒப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை நான் காப்பித் தம்ளரோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் உரலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு மேஸ்திரியின் குரல்.

"இன்னாய்யா இது, மறுபடியும் பலகையா ஆய்டுச்சி!"

அடி விழுந்தது. டக். இன்னொன்று. டக். காய்ந்த தோலின் சத்தம்தான், எனக்குத் தவறாது. எண்ணத் தொடங்கினேன். அறுபது. எழுபது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. என் மனைவி வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சுவரைப் பார்த்தாள்.

"நூறு ஆய்டுச்சி. இன்னும் நிறுத்தல" என்றேன்.

"அடிக்கட்டும்" என்றாள்.